பெல்ட்டுல அடிக்காத நெஞ்சு

"உங்க பொண்ணு ரொம்ப நல்லா சைக்கிள் ஓட்டுதுங்க சார். அதாங்க பிரச்சனையே."

இன்ஸ்பெக்டரம்மா இப்படி சொன்னதும் மருதாசலத்துக்கு மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. வடவள்ளி தாண்டி இருக்கிற டெஸ்ட் கிரவுண்ட்ல காலங்காத்தாலயே நல்ல கூட்டம். பன்னண்டு பதிமூணு வயசுப் புள்ளைங்க எல்லாம் ஹெல்மெட்ட மாட்டி, கையில பட்டையக் கட்டி, பரீட்ச ஹாலுக்கு வெளிய நிக்கிற மாதிரி முழிச்சுட்டு நிக்குதுங்க. இவரு பொண்ணு நித்திலா மட்டும் சைக்கிள் மேல உக்காந்து ஒத்தக் கால ஊனிட்டு கடல மிட்டாய் தின்னுட்டு இருக்கா.

"நல்லா ஓட்டுனா லைசென்ஸ் குடுக்க வேண்டியதுதானுங்களே மேடம்?"

அந்தம்மா கையில இருந்த டேப்லெட்டத் திருப்பிக் காட்டுனாங்க. மத்த புள்ளைங்களுக்கெல்லாம் நெஞ்சடிப்புக் கோடு மருதமலை மாதிரி ஏறி எறங்குது. நித்திலா பேருக்கு நேரா உக்கடம் கொளத்துத் தண்ணியாட்டம் சலனமே இல்லாம கெடக்கு.

"கார் ஒரசுற மாதிரி பக்கத்துல போச்சு. பாப்பாவுக்கு நெஞ்சு அடிக்கவே இல்ல. பயப்படலன்னா, பாப்பா அங்க இருக்குதுன்னு காரோட்டுறவங்களுக்கு எப்படிங்க தெரியும்? கண்ணாடில கார்க்காரரப் பாத்து கை வேற காட்டுது, 'போங்கண்ணா போங்க'ன்னு. அழகாத்தான் இருக்கு. ஆனா நான் கையெழுத்துப் போட முடியாதுங்க."

சொல்லிட்டு அடுத்த பேரக் கூப்ட போய்ட்டாங்க.

இந்த "திக்" வந்து ஆறேழு வருஷம் இருக்கும். அரசாங்கம் வச்ச பேரு என்னமோ நீட்டமா இருக்கும், யாருக்கும் வாயில நொழையல, ஜனங்க வச்ச பேருதான் நின்னுச்சு. சமாச்சாரம் சிம்பிள். சைக்கிள்ல போறவங்க கையில ஒரு பட்டை. காரோட்டுறவங்க சீட் பெல்ட்டுல, நெஞ்சுக்கு நேரா, சின்னதா ஒரு மெத்தை. சைக்கிள்காரருக்கு திக்குனு ஆச்சுன்னா, எந்தக் கார் கிட்ட வந்து அப்படி ஆச்சோ அந்தக் கார்க்காரர் நெஞ்சுலயே அந்த அடி வந்து விழும். மேட்டுல மிதிச்சு மூச்சு வாங்குறது வேற, பயம் வேற. அந்த வித்தியாசத்த பட்டை தோல் வேர்வையில கண்டுபிடிச்சுடும்.

வந்த புதுசுல மருதாசலமே ஆடிப் போய்ட்டாரு. மில் மெஷினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிற வேலை, நாள் பூரா கார்லதான் பொழப்பு. ஒரு நாள் சிங்காநல்லூர் பக்கம் ஒரு ஸ்கூல் பையன ஒட்டி வழக்கம் போல சர்ருனு முந்துனாரு. அவ்ளோதான், நெஞ்சுல டம் டம் டம்னு யாரோ கதவத் தட்டுற மாதிரி அடி. கார ஓரங்கட்டி, தண்ணி குடிச்சு, வேர்வையத் தொடச்சாரு. 'நம்மளப் பாத்தா ஒரு புள்ளைக்கு இவ்ளோ பயமா இருக்குமா?' அன்னிக்கு பூரா அவரு கார் வேகம் முப்பதத் தாண்டல. அவரு மட்டுமில்ல, ஊரே அப்படித்தான் ஆச்சு. ஏற்கனவே 'வாங்க போங்க'ன்னு மரியாதைக்குப் பேர் போன கோயமுத்தூரு, இப்போ ரோட்டுலயும் மரியாதை. பேப்பர்ல எல்லாம் எழுதுனாங்க.

ஆனா மனுசன் மனுசன்தானே. கொஞ்ச நாள்ல என்னாச்சு? யாராவது பயந்தா பெல்ட்டே சொல்லுமே, அப்புறம் எதுக்கு கண்ண நட்டுக்கிட்டு பாக்கணும்? மொதல்ல போன்ல பேசுனாங்க. அப்புறம் போனப் பாத்தாங்க. அப்புறம் போன்ல சீரியலே பாக்க ஆரம்பிச்சாங்க. மருதாசலம் ஸ்டியரிங்ல டிபன் டப்பாவ வச்சு எலுமிச்ச சாதம் சாப்புட்டுட்டே திருப்பூர் வரைக்கும் போயிருக்காரு. நெஞ்சுல அடிச்சா ஒதுங்குவாரு. அடிக்கலன்னா ரோடு காலி. நாய் மாட்டுக்கு மட்டும்தான் பட்டை இல்ல. அதுங்களுக்காக அப்பப்ப தலையத் தூக்குவாரு.

"அப்போ நான் மாடா பொறந்திருக்கலாமுங்ப்பா," டெஸ்ட்ல இருந்து திரும்பும்போது அவரு இதச் சொன்னதும் நித்திலா சொன்னா. "மாட்டையாவது பாக்குறீங்க."

"வாயி! ஏன் அம்மிணி, கொஞ்சம் பயந்துதான் தொலையேன். என்ன கஷ்டம்?"

"வரமாட்டேங்குதே! நான் கண்ணாடில டிரைவர் மூஞ்சியப் பாப்பேன். நம்மளப் பாத்துட்டாங்கன்னா கைய காட்டுவேன். குனிஞ்சிருந்தா ஓரமா ஒதுங்கிருவேன். இதுல பயப்பட என்ன இருக்கு?"

அவ ஹேண்டில்பார்ல வட்டமா ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அவளே உண்டியல் காசுல வாங்கி மாட்டுனது. லைசென்ஸ் இல்லாம ஸ்கூலுக்கு சைக்கிள்ல வரக்கூடாதுன்னு ரூல். சைக்கிள் டீம்ல வேற பேர் குடுத்திருக்கா. மருதாசலத்துக்கு லைசென்ஸ் கூடப் பெரிய கவலை இல்ல. அவரு மண்டையில ஓடுனது வேற ஒருத்தரு.

பால்காரர் நாச்சிமுத்து. மருதாசலம் வீட்டுக்கும் அவருதான் பால் ஊத்துனது. காலம் பூரா சைக்கிள்ல கேனக் கட்டிட்டு லாரிக்கு நடுவுல பூந்து பூந்து போனவரு. பயம்னா என்னன்னே தெரியாது. போன மழைக்காலத்துல பின்னாடி வந்த கார் அடிச்சு அந்த எடத்துலயே போய்ட்டாரு. கேஸ் நடந்துச்சு. கார்க்காரர் பெல்ட் ரெக்கார்ட எடுத்துப் பாத்தாங்க, அடியே இல்ல. 'பெல்ட் அடிக்கல, ஓட்டுனவர் மேல தப்பு இல்ல'ன்னு முடிச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடியே எழவு வீட்டுல ஒருத்தர் சொன்னாரு: "மனுசன் கொஞ்சம் பயந்திருக்கலாம்." அங்க இருந்த எல்லாரும் தலையாட்டுனாங்க. மருதாசலமும் ஆட்டுனாரு.

அதனால டிரைவிங் ஸ்கூல் தேவசகாயம் மாஸ்டர்கிட்ட போனாரு.

"கவலையே படாதீங்க சார்," மாஸ்டர் சொன்னாரு. "நம்மகிட்ட பய வகுப்பு இருக்கு. ஒரே வாரம். எப்பேர்ப்பட்ட தைரியசாலியையும் நடுங்க வச்சுருவேன்."

ஒரு வாரம் நித்திலா போனா. மாஸ்டர் ஆக்சிடெண்ட் வீடியோவா போட்டாரு. காது பக்கத்துல பலூன உடச்சாரு. பின்னாடி பதுங்கி வந்து ஏர் ஹாரன் அடிச்சாரு. கடைசி நாள் மாஸ்டரே போன் பண்ணாரு.

"சார், மன்னிச்சிருங்க. பலூன் உடச்சா பாப்பா 'ஹேப்பி பர்த்டே மாஸ்டர்'ங்குது. மத்த புள்ளைங்களும் சிரிக்க ஆரம்பிச்சிருச்சுங்க. ஒருத்தனுக்கு வந்த பயமும் போச்சு. தயவு செஞ்சு கூட்டிட்டுப் போயிருங்க."

வீட்டுல கௌசல்யா இதக் கேட்டு அப்படி சிரிச்சாங்க. பம்ப் கம்பெனில மோட்டார் டெஸ்ட் பண்ற வேலை அவங்களுக்கு. சிரிச்சு முடிச்சுட்டு மொகம் மாறிப் போச்சு.

"ஏனுங்க, பயப்படத் தெரியலன்னா அது ஒரு கொறையா? எங்க கம்பெனில மோட்டார் சத்தம் போடாம ஓடுனாத்தான் பாஸ் பண்ணுவோம். இங்க என்னடான்னா ஒதறுனாத்தான் பாஸா?"

"நாச்சிமுத்தண்ணன நெனச்சுப் பாரு கௌசி."

"நெனக்கிறேன். அவரப் பாக்காம அடிச்சானே, அவனையும் நெனக்கிறேன். நீங்க நெனக்கிறீங்களா?"

மருதாசலம் நெனச்சாரு. நெனச்சப்போ எலுமிச்ச சாதம் ஞாபகம் வந்துச்சு. ஊருல இருக்கிற கார்க்காரனுங்க எல்லாம் தன்ன மாதிரிதான்னு அவருக்குத் தெரியும். அதான் அவருக்குத் தூக்கம் போச்சு.

அந்த ஞாயித்துக்கெழமை அவரு செஞ்ச காரியத்த யாருகிட்டயும் சொல்லல.

நித்திலா ஞாயிறு காலைல ஓணாப்பாளையம் ரோட்டுல பிராக்டீஸ் போவா. ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, வண்டி வாசி ரொம்ப இருக்காது. மருதாசலம் மச்சான் வீட்டுக்குப் போய் "என் வண்டி ஸ்டார்ட் ஆகல"ன்னு பொய் சொல்லி மச்சானோட செவப்புக் கார வாங்குனாரு. புதுசா எடுத்த கார், நித்திலா பாத்ததே இல்ல. தொப்பிய நெத்தி வரைக்கும் எறக்கிக்கிட்டாரு.

தூரத்துல அவ மஞ்ச பனியன் தெரிஞ்சுச்சு. சீரா மிதிச்சுட்டுப் போறா. மருதாசலம் பக்கத்துல போனாரு. பெல்ட் அடிக்கல. இன்னும் கிட்ட போனாரு. அடிக்கல. அவ வழக்கம் போல ஓரமா ஒதுங்கி, எடது கையத் தூக்கி 'போங்க'ன்னு காட்டுனா. பாத்தவருக்கு அழுகையே வந்துடுச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டாரு. 'இப்ப பயந்தாத்தான் சாமி உசுரோட இருப்பே'ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே ஸ்டியரிங்க அவ பக்கமா ஒடச்சாரு.

ஒரு செகண்ட் ஒண்ணுமே இல்ல. அப்புறம் வந்துச்சு பாருங்க, வாழ்நாள்ல அப்படி ஒரு அடி அவரு வாங்கினதே இல்ல. நெஞ்செலும்பு முறிஞ்ச மாதிரி. சைக்கிள் மண்ணுல எறங்கி, சரிஞ்சு, தென்ன மரத்துல முட்டி நின்னுச்சு. கண்ணாடில பாத்தாரு, அவ எந்திரிச்சுட்டா, அடி ஒண்ணும் பெருசா இல்ல. நிக்காம ஓட்டிட்டுப் போய்ட்டாரு. ரொம்ப தூரம் போற வரைக்கும் நெஞ்சுல அடிச்சுட்டே இருந்துச்சு. பட்டைக்கு அவ்ளோ தூரம் எட்டாதேன்னு அப்புறம்தான் ஒறச்சுச்சு. அடிச்சது அவரோட சொந்த நெஞ்சு.

வீட்டுக்கு வந்தப்போ நித்திலா முட்டியில மஞ்சளப் பூசிட்டு உக்காந்திருந்தா. "விழுந்துட்டேன்," அவ்ளோதான் சொன்னா. மருதாசலமும் கேக்கல.

மறு டெஸ்டுக்கு கார நாமளே கொண்டு போகணும். அங்க அதான் வழக்கம். டிரைவிங் ஸ்கூல் காரக் கேக்கலாம்னா, மாஸ்டர் இவள இனிமே சேத்துக்க மாட்டேன்னு ஒரே அடியா சொல்லிட்டதால, மருதாசலமே தன்னோட கார எடுத்துட்டுப் போனாரு. அவரே ஓட்டுனாரு. நித்திலா முன்னாடி போறா, இவரு பக்கத்துல ஒட்டிப் போகணும். கிட்ட போகும்போதே பெல்ட் டம் டம்னு அடிக்க ஆரம்பிச்சிருச்சு. டேப்லெட்ல மருதமலை என்ன, வெள்ளியங்கிரியே எழுந்து நின்னுச்சு.

"சூப்பருங்க சார்!" இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "என்ன பண்ணீங்க? மத்த பேரண்ட்ஸுக்கும் சொல்லலாம்ல?"

"பேசிப் பாத்தோமுங்க," மருதாசலம் சொன்னாரு. நித்திலா கீழ குனிஞ்சு சைக்கிள் செயினையே பாத்துட்டு நின்னா.

மொத நாள் ஸ்கூலுக்கு சைக்கிள்ல கெளம்புனா. கௌசல்யா ஹெல்மெட்ட சரி பண்ணி, கன்னத்தக் கிள்ளி அனுப்பி வச்சாங்க. மருதாசலம் மனசு கேக்காம கார எடுத்துட்டு பின்னாடியே போனாரு. அவ அழகா ஓட்டுனா. இவரு பெல்ட் மெதுவா அடிச்சுட்டே இருந்துச்சு. 'ஆகா, பயம் வேல செய்யுது'ன்னு ஒரு நிம்மதி.

லாலி ரோடு சிக்னல் தாண்டுனதும் ஒரு வெள்ளக் கார் அவள ஒட்டி முந்துச்சு. ஒதுங்கவே இல்ல. அவதான் ஒதுங்குனா. ஓட்டுனவரு மடியப் பாத்து சிரிச்சுட்டே போறாரு. மருதாசலம் திகைச்சுப் போனாரு. பெல்ட் அடிச்சிருந்தா அந்தாளு ஒதுங்கியிருப்பானே? அடுத்து ஒரு வேன். அதுவும் அப்படித்தான், அவ ஹேண்டில் மேல காத்து அடிக்கிற தூரத்துல போகுது. ஆனா இவரு பெல்ட் மட்டும் விடாம அடிக்குது.

ஒரு சந்தேகம் வந்துச்சு. கார ஸ்லோ பண்ணி பின்னாடி தங்குனாரு. அடி நின்னு போச்சு. மறுபடி கிட்ட போனாரு. டம், டம், டம்.

அவ பயப்படுறது அவரு கார் ஒண்ணுக்கு மட்டும்தான்.

அன்னிக்கு சாயங்காலம் மொட்ட மாடில அவ சைக்கிளத் தொடச்சுட்டு இருந்தா. மருதாசலம் போய் பக்கத்துல நின்னாரு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

"அம்மிணி, ரோட்டுல இன்னிக்கு பயமா இருந்துச்சா?"

"இல்லீங்ப்பா."

"அந்த வெள்ளக் கார் ஒட்டிப் போச்சே?"

"அந்தாளு போனப் பாத்துட்டு இருந்தாரு. நான் ஒதுங்கிட்டேன்." துணிய நனச்சுப் புழிஞ்சா. அப்புறம் நிமிந்து பாக்காமலே கேட்டா. "அன்னிக்கு ஓணாப்பாளையம் ரோட்டுல, செவப்புக் கார்ல வந்தது நீங்கதானுங்ப்பா?"

மருதாசலம் சைக்கிள் சக்கரத்தப் பாத்துட்டு நின்னாரு.

"கண்ணாடில மூஞ்சியப் பாத்தேன். தொப்பி போட்டிருந்தா தெரியாதா எனக்கு? அதான் கைய காட்டுனேன், அப்பாதானேன்னு." ஈரத் துணிய மடிச்சா. "மத்தவங்க யாரும் என்னயப் பாக்கவே மாட்டாங்க. குனிஞ்சுட்டு வருவாங்க. அவங்க மேல பயமே வராது. நீங்க மட்டும்தான் என்னயப் பாத்துட்டே மேல வந்தீங்க."

கீழ தெருவுல ஒருத்தரு பூட்டுன கார் கீய்ங்னு கத்தி அடங்குச்சு. மருதாசலம் கைப்பிடிச் சுவத்தப் புடிச்சுட்டு நின்னாரு. 'உன் நல்லதுக்குத்தான் சாமி'ன்னு சொல்ல வந்தாரு. அவ முட்டியில இன்னும் காயாம இருந்த காயத்தப் பாத்ததும் சொல்ல முடியல.

"தப்புப் பண்ணிட்டேன் கண்ணு."

அவ கண்ணாடிய மட்டும் மறுபடி மறுபடி தொடச்சா. சுத்தமாத்தான் இருந்துச்சு அது.

மறுநாள் காலைல கௌசல்யா வாசலுக்கு வந்தப்போ, மோட்டார் ரூம் பின்னாடி தூசி புடிச்சுக் கெடந்த அவங்க பழைய சைக்கிள மருதாசலம் தள்ளிட்டு வந்துட்டு இருந்தாரு. முன்னாடி கூடை வேற.

"ஏனுங்க, உங்களுக்கு என்ன புடிச்சிருக்கு? காலேஜ் முடிச்சதுக்கு அப்புறம் தொட்டிருக்கீங்களா சைக்கிள?"

"தொடல கௌசி. அதான் வேணும்."

கையில பட்டையக் கட்டிக்கிட்டாரு. நித்திலா கெளம்புனதும் பின்னாடியே இவரும் ஏறுனாரு. தெருமுனை வரைக்கும் பாம்பு மாதிரி வளஞ்சு வளஞ்சு போச்சு. மெயின் ரோட்டுக்கு வந்தாரு பாருங்க, அப்பா சாமி! கார் கண்ணாடிக்கு உள்ள இருந்து பாக்குற ரோடு வேற, இது வேற. ஒவ்வொரு வண்டியும் வீடு மாதிரி பெருசா இருக்கு. லாரிக் காத்துல சட்ட படபடங்குது. அதவிட, முன்னாடி போற மஞ்ச ஹெல்மெட்டப் பாக்கப் பாக்க பயம் ஏறுது. கார் ஒண்ணு அவ பக்கம் சாஞ்சா இவருக்கு உசுரு போய்ட்டுப் போய்ட்டு வருது.

ஆனா ஒண்ணு நடந்துச்சு. வண்டிங்க வெலகுச்சு. பின்னாடி வர்ற கார் எல்லாம் தூக்கிப் போட்ட மாதிரி பிரேக் அடிச்சு, நடு ரோட்டுக்குப் போய், ரெண்டு பேரையும் சுத்திட்டுப் போகுது. ஆத்துக்கு நடுவுல பாறை கெடந்தா தண்ணி பிரியுமே, அப்படி. ஒரு கார் பக்கத்துலயே வந்துச்சு. கண்ணாடிய எறக்கி ஒரு எளவட்டப் பையன் நெஞ்சப் புடிச்சுட்டுக் கத்துனான்.

"ஏனுங்கண்ணா! நீங்கதானா இது? சட்ட பூரா காபிங்க! ஹார்ட் அட்டாக்குன்னு நெனச்சுட்டேன்!"

"மன்னிச்சுக்கோங்க தம்பி!"

"இவ்ளோ பயத்த வச்சுட்டு எதுக்குங்கண்ணா சைக்கிள்ல வர்றீங்க?"

மருதாசலத்துக்கு மூச்சு வாங்குச்சு. தாடையால முன்னாடி காட்டுனாரு. "அதோ போகுதே, அதுக்குப் பயப்படத் தெரியாதுங்க. அதான், அதுக்கும் சேத்து நான் பயப்படறேன்."

பையன் தலையத் தூக்கி முன்னாடி பாத்தான். அப்பத்தான் அந்தப் பொண்ணு அவன் கண்ணுலயே பட்டா. போன எடுத்து பக்கத்து சீட்டுல கவுத்து வச்சான். மெதுவா, நல்லா எடம் விட்டு, அவள முந்திப் போனான். போகும்போது கைய வெளிய நீட்டி ஒரு ஆட்டு ஆட்டுனான். நித்திலாவும் எடது கையத் தூக்குனா.

சிக்னல்ல நின்னாங்க. அவ முன்னாடி, இவரு கொஞ்சம் பின்னாடி. சின்ன வட்டக் கண்ணாடில அவ கண்ணு தெரிஞ்சுச்சு. இவரத்தான் பாக்குது. ரொம்ப நேரம் பாத்துச்சு. கோவமா, பயமா, மன்னிச்சாளா, மருதாசலத்துக்குப் புரியல. கை தானா நெஞ்சுக்குப் போச்சு. அங்க பெல்ட் இல்ல. கார்ல இருந்தா தெரிஞ்சிருக்கும், அவ நெஞ்சு இப்போ எப்படி அடிக்குதுன்னு. இங்க அதச் சொல்ல ஒண்ணும் கெடையாது.

பச்ச விழுந்துச்சு. அவ மிதிச்சா. மருதாசலம் பின்னாடியே, அவ தோள, அவ கைய, கண்ணாடிக்குள்ள அப்பப்ப தெரியற அந்த மொகத்த, கண்ண எடுக்காம பாத்துட்டே மிதிச்சாரு.